கல் பாண்டியா வாங்கிய கடை

மீனை விற்பதற்கு முன் வாங்குபவரைக் கேள்வி கேட்கிற கடையை யாழ்ப்பாணத்தில் இப்போதுதான் கண்டேன். "தம்பி, தொட்டி எத்தனை அடி? தண்ணீர் ஓடுமா, தேங்கி நிற்குமா?" என்றார் கடைக்கார ஐயா. மூன்றடித் தொட்டி, மோட்டார் பூட்டியிருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் வலையைக் கையில் எடுத்தார்.

கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் நம் நாட்டு மீனான கல் பாண்டியாவைத் தேடித்தான் போனேன். இப்படி ஒட்டும் மீனைச் சக்கர் மீன் என்று கேட்டால் கடைகளில் பெரும்பாலும் கையில் தருவது தென்னமெரிக்கக் கெளிற்றைத்தான். விரல் நீளத்தில் வாங்குவது ஓரடிக்கு மேல் வளர்ந்துவிடும். வளர்க்க முடியாதவர்கள் குளத்தில் விட, இலங்கையின் நீர்நிலைகளில் அது பெருகிவிட்டது. தயவுசெய்து யாரும் அதை ஆரியகுளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள்.

ஐயா இரண்டு மீன்களையும் கண்ணாடியில் ஒட்டவிட்டுக் காட்டினார். கெளிற்றுக்கு வாயே உறிஞ்சி. உடம்பெல்லாம் எலும்புத் தகடு. சிங்களத்தில் கல் பாண்டியா எனப்படும் நம் நாட்டு மீனுக்கோ ஒட்டும் தட்டு வாயில் இல்லை. கீழுதட்டுக்குப் பின்னால், மோவாயில், மிளகளவு வட்டச் சதை. அதை ஊன்றிக்கொண்டு, வாயால் பாசியைச் சுரண்டுகிறது. இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத மீன் இது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான்கு கேட்டேன். வயிறு ஒட்டியிருந்த இரண்டை விற்க மறுத்து, "தின்னப் பழகட்டும், அடுத்த கிழமை வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார். ஓடையில் பிடித்த மீன் பட்டினியோடுதான் வந்து சேருமாம். ஒன்று 350 ரூபா. அந்த அக்கறைக்கு அது அதிகமில்லை.

எங்கள் கொக்குவில் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியவைக்கும். அதனால் பையிலிருந்த தண்ணீரோடு கிணற்றுத் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஒன்றரை மணிநேரம் கலந்த பிறகே மீனை விட்டேன். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டில் இந்த மீனுக்கு ஓட்டத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். சூடேறிய தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். சித்திரை வெயிலில் மின்சாரம் நின்றால் மீன் திணறும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை அதே கடையில் வாங்கி வைத்திருக்கிறேன். சத்தம் அதிகம், ஆனால் நம்பகமானது.

தொட்டிப் பாசி மட்டும் போதாது. ஆற்றுக்கல் ஐந்தாறை முற்றத்து வெயிலில் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, பச்சை பிடித்ததும் மாற்றி மாற்றி வைக்கிறேன். அவித்த பசளியும் தின்கிறது.

கடையில் எனக்கு ஒரே ஒரு குறை. இது கண்ணாடியில் ஏறிப் பாயக்கூடிய மீன் என்பதை ஐயா சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை ஒன்று அலுமாரிக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. போய்ச் சொன்னபோது ஐயாவின் முகம் வாடிவிட்டது. "நான் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். மூடிக்குக் கண்ணாடி வெட்டித் தந்தார், காசு வாங்கவில்லை. மிஞ்சிய ஒன்றும் அடுத்த கிழமை வாங்கி வந்த இரண்டும் இப்போது மோட்டார் வாய்க்கு நேரே, ஓட்டத்துக்கு முகம் கொடுத்து, ஒரே கல்லில் ஒட்டியிருக்கின்றன.