பெட்ரோல் காரில் சிஎன்ஜி கிட்: நெடுநாள் ஓட்டத்தில் தெரியவருபவை

2022 ஏப்ரலில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 110 ரூபாயைத் தாண்டியது. அடுத்த மாதம் மத்திய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைத்ததும் 102.63-க்கு வந்தது. 2024 மார்ச்சில் இன்னொரு 2 ரூபாய் குறைந்தும் நூறுக்குக் கீழே இறங்கவில்லை. இதற்கிடையே 2022 ஆகஸ்டில் பிஎஸ்-6 பெட்ரோல் வண்டிகளிலும் வெளியில் சிஎன்ஜி (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) கிட் மாட்டிக்கொள்ள மத்திய அரசு அனுமதி தந்தது. கையில் இருக்கும் காரை விற்காமல் பெட்ரோல் செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு இன்றும் இதுதான் முதல் யோசனையாக வருகிறது. மாட்டி நெடுநாள் ஓட்டிய பிறகு எது நிற்கிறது, எது தொல்லை தருகிறது என்பதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு கிலோ சிஎன்ஜியில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். நகரத்தில் லிட்டருக்கு 14 கி.மீ. தரும் சின்ன கார், சிஎன்ஜியில் கிலோவுக்கு 19, 20 கி.மீ. ஓடும். பெட்ரோல் 101, சிஎன்ஜி 90 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 7.20 ரூபாய் ஆன செலவு 4.50-க்கு வரும். மிச்சம் 2.70. காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகும் செலவு, சீக்கிரம் மாற்ற வேண்டிய ஸ்பார்க் பிளக், ஃபில்டர், ஹைட்ரோ டெஸ்ட் (சிலிண்டரின் அழுத்தச் சோதனை) எல்லாம் கழித்தால் கையில் நிற்பது 2.30 அளவில்தான். கிட்டுக்கு 60,000 ரூபாய் போட்டால் அந்தப் பணம் திரும்ப 26,000 கி.மீ. ஓட வேண்டும். மாதம் 1,000 கி.மீ. ஓடுபவருக்கு இது இரண்டு வருடத்துக்குச் சற்று மேல், 400 கி.மீ. மட்டும் ஓடுபவருக்கு ஐந்து வருடத்துக்கும் மேல். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். மாத ஓட்டம் 800 கி.மீ.க்குக் கீழே என்றால் நான் மாட்டச் சொல்ல மாட்டேன்.

கிட் எந்த பிராண்டு என்பதை எல்லோரும் கேட்கிறார்கள்; யார் மாட்டுகிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம். இன்ஜெக்ஷன் கார் என்றால் சீக்வென்ஷியல் கிட்தான் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கேஸ் இன்ஜெக்டர், அவற்றை இயக்க ஒரு தனி இசியு (கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்). கேஸ் நாசில் வைக்க, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் துளை போட வேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றி வெளியே வைத்துத் துளை போடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டியிலேயே வைத்துத் துளைத்தால் துருவல் நேராக இன்ஜினுக்குள் போகும். நாசில்கள் பெட்ரோல் இன்ஜெக்டருக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். ரெயிலிலிருந்து (கேஸ் இன்ஜெக்டர்கள் வரிசையாக உள்ள பகுதி) நாசிலுக்குப் போகும் எல்லா ஹோஸும் ஒரே நீளத்தில், முடிந்த அளவு குட்டையாக இருக்க வேண்டும். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால் ஐட்லிங் ஒருபோதும் சீராக நிற்காது. வயர்களை முறுக்கி டேப் சுற்றாமல் சால்டர் வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வரும் பாதித் தொல்லைக்கு அந்த முறுக்கல்தான் காரணம்.

அடுத்தது ட்யூனிங். லேப்டாப்பை மாட்டி ஐட்லிங்கில் ஆட்டோ காலிப்ரேஷன் மட்டும் செய்து அனுப்பிவிடுவது வழக்கம். அது போதாது, ஓட்டிப் பார்த்தும் மேப்பை (எந்த நிலையில் எவ்வளவு கேஸ் என்ற அட்டவணை) திருத்த வேண்டும். இதைச் சரிபார்க்க, காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று போதும். இன்ஜின் சூடான பிறகு பெட்ரோலில் லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (கலவையைச் சரிசெய்ய இசியு எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) எவ்வளவு என்று ஐட்லிங்கிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் குறித்துக்கொள்ளுங்கள். கேஸில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதை வெகுவாகத் தாண்டினால் செக் இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் கோடு வரும்: கலவையில் எரிபொருள் குறைந்தால் பி0171, கூடினால் பி0172. விளக்கை அழித்துத் தருவது வைத்தியம் ஆகாது. காரின் சொந்த இசியு கேஸில் ஓடும்போதும் கற்றுக்கொண்டே இருக்கும். அங்கே தப்பாகக் கற்றதை வைத்துத்தான் பெட்ரோலையும் பீய்ச்சும். கேஸ் மேப் தப்பென்றால் பெட்ரோல் மைலேஜும் சேர்ந்து கெடுவது இதனால்தான்.

பங்க் விஷயம். 60 லிட்டர் சிலிண்டர் என்பது தண்ணீர் கொள்ளளவு. 200 பார் அழுத்தத்தில் நடைமுறையில் 8, 9 கிலோதான் ஏறும். ஒரு நிரப்பலுக்கு 160 கி.மீ. என்று எண்ணிக்கொள்ளுங்கள். குழாய் வழி கேஸ் வந்து அங்கேயே கம்ப்ரஸர் இருக்கும் பங்கில் அழுத்தம் நிற்கும். லாரியில் சிலிண்டர் அடுக்கைக் கொண்டுவந்து நிறுத்தி நிரப்பும் டாட்டர் ஸ்டேஷனில், லாரி காலியாகும் நேரம் போனால் 150 பாரோடு நின்றுவிடும், முக்கால் டேங்குதான். வேகமாக நிரப்பும்போது சிலிண்டர் சூடாகும். மீட்டர் 200 காட்டினாலும் ஆறியபின் 170, 180-க்கு இறங்கும். சித்திரை வெயிலில் மதியம் நிரப்புவதற்கும் விடிகாலையில் நிரப்புவதற்கும் அரைக் கிலோ வரை வித்தியாசம் வரும். நிரப்பும்போது இன்ஜினை அணைத்து எல்லோரும் இறங்கிவிட வேண்டும்; குழந்தை தூங்குகிறது என்று உள்ளே விட்டுவைக்கக் கூடாது.

ஓட்டத்தில் பிக்கப் பத்து சதவீதம் குறையும். உள்ளே போகும் காற்றின் இடத்தைக் கேஸ் பிடித்துக்கொள்வதுதான் காரணம். எந்த ட்யூனிங்கிலும் முழுதாகத் திரும்பாது. ஏற்காடு, கொல்லிமலை மாதிரி ஏற்றங்களில் ஏசியோடு நான்கு பேர் என்றால் பெட்ரோலுக்கு மாற்றிவிடுவதே சரி. ஸ்டீல் சிலிண்டரும் அதன் ஸ்டாண்டும் 60 கிலோவுக்கு மேல். டிக்கி போயிற்று, வண்டியின் பின்பக்கமும் தாழும். பின் டயர்களில் கதவோரத்து ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்குச் சொல்லியிருக்கும் காற்றளவை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கோளாறுகள். பெட்ரோலில் நன்றாக ஓடி, கேஸில் ஏற்றத்தில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் ரெயிலைக் கழற்றும் முன் பிளக்கைப் பாருங்கள். கேஸைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் வேண்டும். 1.0, 1.1 மி.மீ. இடைவெளியோடு வரும் பிளக்கை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்து 0.8-க்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும். பக்கவாட்டுக் கம்பியை மட்டும் தட்ட வேண்டும். இரிடியம் பிளக்கின் நடுமுனையை எதுவும் தொடக் கூடாது. பிளக்கை மாற்றாமல் இழுத்தடித்தால் அடுத்து போவது இக்னிஷன் காயில்.

காலையில் கேஸுக்கு மாறிய சில நிமிடங்கள் வண்டி குலுங்கி, பிறகு சரியாகிறது என்றால் கேஸ் இன்ஜெக்டர் ஒட்டுகிறது. பங்க் கம்ப்ரஸரிலிருந்து கேஸோடு கொஞ்சம் ஆயில் வரும். அது இன்ஜெக்டரில் பிசினாகப் படியும். ரெட்யூசருக்கும் (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி) ரெயிலுக்கும் நடுவே இருக்கும் சின்ன ஃபில்டரை 20,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் ரெயில் நெடுநாள் வரும். சில நூறு ரூபாய் ஃபில்டரை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் ரெயில் வாங்குவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடப்பது.

கூலன்ட் அளவை வாரம் ஒருமுறை பாருங்கள். 200 பாரிலிருந்து 2 பார் அளவுக்கு விரியும் கேஸ் ரெட்யூசரைக் குளிரவைக்கும். அதைச் சூடேற்றுவது இன்ஜின் கூலன்ட். கூலன்ட் குறைந்தாலோ ஹோஸில் காற்று அடைத்தாலோ, வெயில் காலத்திலும் ரெட்யூசர் மேல் பனி படியும், வண்டி தானாகப் பெட்ரோலுக்குத் தாவும். கூலன்ட் டப்பாவில் கேஸில் ஓடும்போது மட்டும் குமிழி வந்தால் ரெட்யூசருக்குள் கேஸ் கூலன்ட்டில் கசியலாம். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சொல்லி இன்ஜினைப் பிரிக்க விடுவதற்கு முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வால்வு தேய்வுதான் மெதுவாக வந்து அதிகச் செலவு வைப்பது. கேஸ் உலர்ந்த எரிபொருள் என்பதால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கி, டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) குறைந்துகொண்டே போகும். சத்தம் அதிகமாகாது, குறையும். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் போய், காலை ஸ்டார்ட்டிங் இழுக்க ஆரம்பித்தால் வால்வு எரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். 40,000 கி.மீ.க்கு ஒருமுறை இன்ஜின் ஆறிய நிலையில் இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள இன்ஜினில் அது தானே சரிசெய்துகொள்ளும், அதன் எல்லை வரை.

பெட்ரோல் டேங்கைக் காயவிடக் கூடாது. பல கார்களில் கேஸில் ஓடும்போதும் பெட்ரோல் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக் குளிர்விப்பது பெட்ரோல்தான். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரம் இழுக்கும், மாதக்கணக்கில் தேங்கக் கூடாது. வாரம் ஒருநாள் பத்து கி.மீ. பெட்ரோலில் ஓட்டினால் அந்த இன்ஜெக்டர்களும் அடைக்காது.

காகிதங்கள்: கிட் உங்கள் மாடலுக்கு அனுமதி பெற்றதா என்று சான்றிதழைப் பாருங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் எரிபொருளைப் பெட்ரோல்/சிஎன்ஜி என்று மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸில் கிட் மதிப்பில் 4 சதவீதமும் மூன்றாம் நபர் காப்புக்கு 60 ரூபாயும் கூடும். இதைச் சேர்க்காமல் விட்டால் விபத்து நேரத்தில் க்ளெய்ம் நிற்காமல் போகலாம்.

சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அங்கீகரித்த இடத்தில் ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும். தேதி தாண்டினால் பங்கில் நிரப்ப மறுப்பார்கள். முந்தைய நாளே கேஸை ஓட்டிக் காலி செய்துவிட்டுப் போங்கள். மறுபடி மாட்டும்போது பைப் முனையில் பழைய ஃபெருலையே (கசியாமல் இறுக்கும் சின்ன உலோக வளையம்) இறுக்கவிடாமல் புதிது போடச் சொல்லுங்கள். முதல் நிரப்பலுக்குப் பின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். ஒரே ஒரு குமிழி எழுந்தாலும் சிலிண்டர் வால்வைக் கையால் மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, அங்கேயே மறுபடி இறுக்கச் சொல்ல வேண்டும்.