கரண்ட் வந்ததும் வைஃபை தானாக வர எது தோது?

மன்னார்குடிப் பக்கம் போர்வெல் கொட்டகையில் ஒரு லினக்ஸ் போர்டை (ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினி) வைத்து நிலத்தடி நீர்மட்டம் பார்க்க நினைப்பவருக்குச் சென்சாரைவிட வைஃபைதான் பெரிய தலைவலி. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை குறுவைக்கு போர்தான் கதி. கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஆள் போய் மானிட்டர் மாட்டிக்கொண்டிருக்க முடியுமா?

கரண்ட் வந்ததும் போர்டும் ரவுட்டரும் ஒரே நேரத்தில் எழும். பல சமயம் போர்டு முந்திவிடும், ரவுட்டர் சிக்னல் விட நேரமாகும். அந்த இடைவெளியை எது தாங்கும் என்பதே என் அளவுகோல்.

ஆர்சி.லோக்கலில் (போர்டு எழும்போது ஓடும் கட்டளைக் கோப்பு) கட்டளை எழுதுவது வேண்டாம். ஒரு தடவை ஓடும், அதோடு சரி.

டெபியன் என்ற லினக்ஸ் வகையின் பழைய இன்டர்ஃபேசஸ் கோப்பு (நெட்வொர்க் விவரம் எழுதும் இடம்) பரவாயில்லை. ஆனால் யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் என்றால் 'ஆட்டோ' வரி காலை வாரும்: டிரைவர் ஏறுமுன்பே டபிள்யூலேன்0-வை (வைஃபைக்கு லினக்ஸ் வைக்கும் பெயர்) தேடி, இல்லையென்று விட்டுவிடும். 'அலோ-ஹாட்ப்ளக்' என்று எழுதினால், டாங்கிள் தென்படும்போது லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் சொல்லும், அப்புறம்தான் இணைப்பு தொடங்கும்.

ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் 2023-இன் புக்வர்ம் பதிப்பிலிருந்து இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜர் நிரல்தான் இயல்பு. பாஸ்வேர்டு மாற்ற அதன் என்எம்டியூஐ என்ற மெனுத் திரை போதும், வீட்டுப் பையனே செய்துவிடுவான். ஒரு சிக்கல்: ரவுட்டர் சிக்னல் விட்டும் ஐபி முகவரி தராமல் இழுத்தடித்தால், 4 முறை முயன்றுவிட்டுச் சற்று ஓய்ந்துவிடும். 'ஆட்டோகனெக்ட்-ரீட்ரைஸ்' மதிப்பை 0 ஆக்கினால் விடாமல் முயலும். பலர் இதைத் தொடுவதே இல்லை.

ரேம் குறைந்த போர்டுக்கு என் ஓட்டு சிஸ்டம்டி-நெட்வொர்க்டியும் (முகவரி வாங்கும் நிரல்) டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டும் (பாஸ்வேர்டு கொடுத்து வைஃபையில் சேரும் நிரல்) சேர்ந்த ஜோடிக்கே. சப்ளிகன்ட் சலிக்காமல் ரவுட்டரைத் தேடும். இணைப்பு கிடைத்தவுடன் நெட்வொர்க்டி முகவரி கேட்கும். கோப்பின் பெயரில் மட்டும் கவனம்: சப்ளிகன்ட் சர்வீஸை டபிள்யூலேன்0-க்கு இயக்கினால் கான்ஃபிக் கோப்பின் பெயரும் '-டபிள்யூலேன்0.கான்ஃப்' என்று முடிய வேண்டும், இல்லையேல் சர்வீஸ் எழாது. அத்துடன் 'வெயிட்-ஆன்லைன்' சர்வீஸ் இயங்கினால், நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் நிரல்கள் 2 நிமிடம்வரை நிற்கும். நீர்மட்டத்தை உள்ளேயே பதிந்துவைக்கும் நிரலை அதற்குப் பின்னால் கட்டிப்போடாதீர்கள்.

எதை எடுத்தாலும் வைஃபையின் நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று முதலிலேயே வைத்துவிடுங்கள். ராஸ்பெரி பையில் அது இல்லையென்றால் வைஃபை ரேடியோவே பூட்டிக் கிடக்கும்.