பழைய எக்ஸ்சேஞ்சுடன் குரல் கேட்வே: மண்டபம் அலுவலகத்தின் நீண்டகால அனுபவம்

மண்டபத்தில் உள்ள எங்கள் கடலுணவு ஏற்றுமதி அலுவலகத்தின் பழைய அனலாக் எக்ஸ்சேஞ்சுடன் (அலுவலகத் தொலைபேசிகளை இணைக்கும் கருவி), தொலைபேசிக் குரலை இணையவழி அனுப்பும் குரல் கேட்வே ஒன்றை இணைத்து, கீழக்கரை, தொண்டிக் கிளைகளோடு இணையவழி பேசத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. கருவியின் பெயரையும் விலையையும்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள்; எக்ஸ்சேஞ்சின் ஒலிக்குறிகளைக் கேட்வேக்குப் புரியவைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது என்பது என் கருத்து.

கேட்வேயில் லைனைச் செருகும் போர்ட்டுகள் இருவகை. எஃப்.எக்ஸ்.எஸ். போர்ட் டயல் டோனையும் மணிக்கான மின்னழுத்தத்தையும் தானே தருவதால், எக்ஸ்சேஞ்சில் வெளி லைன்கள் வந்து சேரும் ட்ரங்க் பக்கம் சேர வேண்டியது. எஃப்.எக்ஸ்.ஓ. போர்ட் அவற்றைப் பெறுவதால், அலுவலகத்தின் உள் தொலைபேசிகள் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பக்கம் சேர வேண்டியது. தொண்டியிலிருந்து அழைப்பவர் ஆபரேட்டரின் உதவியின்றி எந்த எக்ஸ்டென்ஷனையும் அழைக்க முடிய வேண்டும் என்பதால், நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். கிளை அழைப்புகள் பொது லைனுக்குத் தாவாதபடி எக்ஸ்சேஞ்சிலேயே தடுத்திருக்கிறோம். அப்படித் தாவவிடுவது உரிம விதிகள் சம்பந்தப்பட்ட விஷயம்.

தலைவலி தந்தது அழைப்பு முடியும் இடம். இங்குள்ளவர் ரிசீவரை வைத்ததும் எங்கள் எக்ஸ்சேஞ்ச் மின்னோட்டத்தைத் துண்டிப்பதில்லை, துருவத்தை மாற்றுவதுமில்லை. பிசி டோனை மட்டும் ஒலிக்கிறது. அதைக் கேட்வே அடையாளம் காணாவிட்டால் போர்ட் விடுபடாமல் கிடக்கும்; அடுத்தவருக்கு லைன் கிடைக்காது. கேட்வேயில் இந்தியா என்று தேர்ந்தெடுத்தால், 400 ஹெர்ட்ஸில் 0.75 விநாடி ஒலி, 0.75 விநாடி அமைதி என்ற பொதுத் தொலைபேசியின் அளவு அமையும். அலுவலக எக்ஸ்சேஞ்சோ வேறொரு தாளத்தில் ஒலிக்கக்கூடும், எங்களுடையது அப்படித்தான் ஒலித்தது. அந்த ஒலியைப் பதிவுசெய்து, அளந்து, அளவுகளைக் கையால் உள்ளிட்ட பிறகே போர்ட்டுகள் ஒழுங்காக விடுபட்டன. வாங்கும் முன் இந்த வசதி உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தொண்டியில் இணைய வேகம் குறைவு என்பதால், விநாடிக்கு 64 கிலோபிட் கேட்கும் ஜி.711 என்ற குரல் குறியாக்க முறைக்குப் பதிலாக 8 கிலோபிட்டில் அடங்கும் ஜி.729-ஐ வைத்தோம். ஒவ்வொரு தரவுப் பொதியோடும் போகும் தலைப்புத் தரவுகளையும் சேர்த்தால் இவை முறையே 80-க்கு மேலும் 30 அளவிலும் ஆகும். பேச்சு தெளிவாகவே கேட்கிறது. ஆனால் அழுத்தும் எண்களின் ஒலி அந்தச் சுருக்கத்தில் சிதைவதால், எண்களைத் தனிச் செய்தியாக அனுப்பும் ஆர்.எஃப்.சி. 2833 முறைக்கு மாற வேண்டியிருந்தது. ஃபேக்ஸ் எங்களுக்குத் தனி லைனில் இருப்பதால், அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

எதிரொலி பற்றி ஒன்று. அது யாருக்குக் கேட்கிறதோ அவர் பக்கத்தைக் குடைவதில் பெரும்பாலும் பயனில்லை; இரு கம்பி லைன் கேட்வேயைச் சந்திக்கும் எதிர்ப்பக்கத்தில் மின்மறுப்பு பொருந்தாததே வழக்கமான காரணம். கீழக்கரையில் எதிரொலி கேட்டபோது, மண்டபத்துப் போர்ட்டில் ஒலியளவைக் குறைத்ததும் அடங்கியது.

மற்றதெல்லாம் உப்பின் வேலை. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா என்று இருபுறமும் கடல் இருக்கும் ஊரில், வாடை வீசினாலும் கச்சான் வீசினாலும் செம்பு முனைகளில் களிம்பு ஏறிக்கொண்டே இருக்கும். கரகரப்பு கேட்டால் மென்பொருளைத் தொடுவதற்கு முன் இணைப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சாதாரண முனைகளை அகற்றி, பசை நிரப்பிய இணைப்பிகளைப் போட்ட பிறகு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. எர்த்துக்குப் புதைத்த இரும்புக் குழாயும் இந்த மண்ணில் சீக்கிரம் அரித்துப்போவதால், ஐப்பசி இடிமழை தொடங்கும் முன் எர்த்தின் மின்தடையை அளந்து, லைன்களில் உள்ள மின்னல் காப்பான்களையும் சோதித்துவிடுகிறோம்.