முதல் இரண்டு கியர்களின் ஊரில் ஒரு டீசல் கார்

சென்னைக்குள் கார் ஓட்டுபவருக்கு ஐந்தாவது கியர் ஞாயிற்றுக்கிழமை அதிகாலைச் சமாச்சாரம். மற்ற நாள்களில் முதல் கியர், இரண்டாவது கியர், நேரம் நன்றாக இருந்தால் மூன்றாவது. ஆனால் கார் வாங்கும் முன் நாம் படிப்பதும் நண்பர்களோடு வாதாடுவதும் நான்காவது, ஐந்தாவது கியர்களைப் பற்றித்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடும், நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்ட எவ்வளவு தெம்பு இருக்கும் என்றே பேச்சு ஓடும். 2012 இறுதியில் வாங்கிய டீசல் ஹேட்ச்பேக்கை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்கு முக்கியமாகிப்போனது வேறு: இரண்டாவது கியரில், இன்ஜின் நிமிடத்துக்கு 1200 சுழற்சியில், ஏசி ஓடும்போது, எதிரே ஆட்டோ நுழைந்து விலகிய அடுத்த கணம் வண்டி இழுக்கிறதா இல்லையா?

என் வண்டியின் மூக்கில் எந்த நிறுவனத்தின் சின்னம் இருக்கிறது என்பது இங்கே தேவையில்லை. உள்ளே இருப்பது 1248 சிசி மல்டிஜெட் டீசல். ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக உருவாக்கி, 2003இல் போலந்தில் உற்பத்தி தொடங்கிய இன்ஜின். 2005இல் தன் பிரிவில் உலகின் சிறந்த இன்ஜின் விருதையும் பெற்றது. இந்தியாவில் மாருதி, டாடா, ஃபியட், ஷெவர்லே என்று பல வீடுகளில் இது வாழ்க்கைப்பட்டது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எர்டிகா, விஸ்டா, மான்சா, புன்டோ, லீனியா என்று பட்டியல் நீளும். கார் பிரியர்கள் இதைத் தேசிய இன்ஜின் என்றே அழைத்தார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது இதைத் திருத்தி விற்பது கட்டுப்படியாகாது என்று நிறுத்திவிட்டார்கள். இன்று இது பழைய கார் சந்தையில் மட்டுமே கிடைக்கும்.

அந்த நாள்களில் டீசல் பக்கம் எல்லோரும் சாய்ந்ததற்குப் பொறியியல் காரணம் ஏதும் இல்லை. 2012 மே மாதம் பெட்ரோல் ஒரேயடியாக லிட்டருக்கு ஏழரை ரூபாய் ஏறியது. சென்னையில் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் 30 ரூபாய்க்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்த்தே பாதி ஊர் டீசல் வாங்கியது. 2014 அக்டோபரில் டீசல் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு இடைவெளி சுருங்கிச் சுருங்கி இப்போது எட்டு ரூபாய் அளவில் நிற்கிறது. கூடுதல் விலை கொடுத்து வாங்கிய டீசல் காரில் மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் அண்டை வீட்டுக்காரர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் இன்னும் திரும்பி வந்திருக்காது.

இனி ஓட்டத்துக்கு வருவோம். 75 குதிரைத்திறன், 2000 சுழற்சியில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. காகிதத்தில் இது 1.5 லிட்டர் பெட்ரோல் செடானை வெட்கப்பட வைக்கும். ஆனால் அந்த 190 முழுவதும், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ விழித்த பிறகுதான். அதற்குக் கீழே, டர்போ போதிய காற்றை அழுத்தித் தராத நிலையில், இது வெறும் ஒன்றேகால் லிட்டர் டீசல். கத்திப்பாரா மேம்பாலத்தில் ஊர்ந்து ஏறும்போது இது அப்பட்டமாகத் தெரியும். இரண்டாவது கியரில் விட்டால் வண்டி தள்ளாடும். முதல் கியருக்கு இறக்கினால் துள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒரு கியர் வேண்டும் என்று தோன்றும். அந்த இல்லாத கியரைத்தான் சென்னைக்காரர்கள் கிளட்சைப் பாதி மிதித்தபடி, ஹாஃப் கிளட்ச் என்று காலால் உண்டாக்கிக்கொள்கிறார்கள். பில் பிறகு வருகிறது.

கிளட்ச் விஷயத்தில் என் மெக்கானிக் கறாரானவர். முப்பது ஆண்டுகளாகக் கையில் கரி படிந்த மனிதர். "சார், கிளட்ச் பெடல் கால் வைத்துக்கொள்ளும் மணை இல்லை" என்பார் ஒவ்வொரு முறையும். அவர் பட்டறைக்கு வருபவற்றில், அண்ணா சாலையிலும் ஆற்காடு சாலையிலும் மட்டுமே உழலும் வண்டிகள் 60,000 கிலோமீட்டரிலேயே கிளட்ச் தட்டு கேட்கின்றன. திருச்சிக்கும் மதுரைக்கும் ஓடும் இதே இன்ஜின் வண்டிகள் லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. என்னுடையது இரண்டுக்கும் நடுவில். வழி ஒன்றுதான். முன் வண்டியோடு ஒட்டாமல் ஒரு கார் நீளம் இடைவெளி விட்டு, பிறகு கிளட்சை முழுதாக விட்டு முதல் கியரில் மெதுவாக உருள விடுவது. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே டீசல் உருளும்; இந்த இன்ஜினின் அருமையான குணங்களில் அதுவும் ஒன்று. நீங்கள் விட்ட அந்த இடைவெளியில் ஒரு இருசக்கர வண்டி, ஒரு ஷேர் ஆட்டோ, சமயத்தில் மாநகரப் பேருந்தின் மூக்கு எல்லாம் நுழையும் என்பது தனிக் கதை.

செங்கல்பட்டைத் தாண்டினால் வண்டியின் குணமே மாறிவிடும். ஜிஎஸ்டி சாலையில் நான்காவது கியரில் 80 கிலோமீட்டர் வேகம், ஊசி 2000க்கு மேலே நிற்கிறது. அங்கிருந்து காலை லேசாக அழுத்தினால் கியர் மாற்றாமலேயே லாரியைத் தாண்டிவிடலாம். சுமையோ நான்கு பேரோ இருந்தாலும் இழுவை குறையாது. நகரத்துக்குள் 14, 15 என்று தரும் மைலேஜ் திண்டிவனம் பக்கம் 21, 22க்குப் போகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மட்டும் இந்தப் பலத்தைக் காட்ட இடமில்லை. ஊருக்கு ஊர் வேகத்தடை, திடீரென்று குறுக்கே வரும் மாடு.

டீசலின் இந்தப் பலத்தைப் பெட்ரோல் பக்தர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மாமல்லபுரத்தில் ஞாயிறு காலை இட்லி சாப்பிடக் கூடும் எங்கள் கூட்டத்தில், ஹோண்டாவின் ஐ-விடெக் இன்ஜினைத் தவிர வேறெதையும் இன்ஜின் என்று கருதாத நண்பர் ஒருவர் இருக்கிறார். "உன் வண்டி நாலாயிரத்தில் மூச்சு வாங்கும், என் வண்டி அங்கேதான் கண்ணைத் திறக்கும்" என்பது அவருடைய நிரந்தர வசனம். உண்மைதான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் 6000 சுழற்சிக்குமேல் ஏறும் இன்பம் வேறு ரகம். சோழவரம் விமானதளத்தில் பந்தயம் பார்த்து வளர்ந்த பெரியவர்களும், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளத்தில் சொந்தக் காரைச் சுற்றிப் பார்த்த இளைஞர்களும் அவர் பக்கம்தான். ஆனால் அந்த நண்பர் தினமும் வேலைக்குப் போவது பழைய மகாபலிபுரம் சாலை வழியாக. மெட்ரோ பணித் தடுப்புகளுக்கு நடுவே அவருடைய ஊசி 6000ஐ எங்கே தொடுகிறது என்று கேட்டால் சாம்பாரில் கவனம் செலுத்துவார்.

அவர் வண்டிக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல், ஆக்ஸிலரேட்டரில் கால் பட்டவுடன் அளவாகப் பதில் சொல்கிறது. காத்திருப்பு இல்லை, துள்ளல் இல்லை. நெரிசலில் அது என் டீசலைவிட நல்ல வண்டி.

பராமரிப்பில் பெரிய நாடகம் இல்லை. இந்த இன்ஜினில் வால்வுகளை இயக்க டைமிங் பெல்ட் கிடையாது, சங்கிலிதான். குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்றும் செலவு மிச்சம். ஆனால் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் பாகம் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் சங்கிலி தளரும், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது முன்பக்கம் கலகலவென்று சத்தம் கேட்கும். 10,000 கிலோமீட்டர் என்பது உச்சவரம்பு. நகரத்திலேயே சுற்றுபவர்கள் அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது. ஊர்ந்தே ஓடும் டீசலில், புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி அடையும். வண்டி மந்தமாகிக் கரும்புகை விட்டால் முதலில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்; இன்ஜெக்டர் போய்விட்டது என்று பயமுறுத்துபவர்களை அடுத்து நம்பலாம். கதவுப் பிடி, கண்ணாடி போன்ற சில்லறைப் பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கிறது, பழையது போதும் என்றால் புதுப்பேட்டை.

டர்போ வண்டியை எப்போது நிறுத்தினாலும் சிறிது நேரம் ஓடவிட வேண்டும் என்பது ஒரு மூடநம்பிக்கை. நெடுஞ்சாலையில் விரட்டிக்கொண்டு வந்து சட்டென்று நிறுத்தும்போதுதான் இன்ஜினை அரை நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேல் சுழன்ற டர்போவின் சூட்டை எண்ணெய் இறக்க வேண்டும் என்பதால். தியாகராய நகரிலிருந்து ஊர்ந்து வந்த வண்டியை அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இரண்டு நிமிடம் ஓடவிட்டு அண்டை வீட்டாரை இருமவைப்பதில் டர்போவுக்கு எந்தப் புண்ணியமும் இல்லை.

மழைக்காலம் வேறு கவலை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த ஊரில் கார் வைத்திருப்பவர் வானிலை அறிக்கையைத் தனி மரியாதையோடு கேட்கிறார். 2024 அக்டோபரில் மழை வருமுன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவைத்தார்களே, அதைச் சிலர் கேலி செய்தார்கள். நான் செய்யமாட்டேன். காற்று போகும் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் முட்டி நின்று இணைப்புத் தண்டு வளையும். டீசலில் அழுத்த விகிதம் கூடுதல் என்பதால் சேதமும் கூடுதல். துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நடுவே வண்டி நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருகாதீர்கள், தள்ளி வெளியே கொண்டுவாருங்கள். சாதாரண முழுக் காப்பீடு இப்படிப்பட்ட இன்ஜின் சேதத்தை ஏற்காது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். சென்னையில் நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கும் ஒரே கூடுதல் செலவு அது.

அடுத்த வண்டி எது என்று கேட்கிறார்கள். டீசல் இல்லை. பிஎஸ்6 டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர, இன்ஜின் சூடாகச் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். மடிப்பாக்கத்திலிருந்து கிண்டிக்குப் போய் வரும் வண்டிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. மாதம் இரண்டு முறையாவது கோவைக்கோ நாகர்கோவிலுக்கோ போகிறவர்கள் தாராளமாக டீசல் வாங்கலாம்.

பெட்ரோலிலும் ஆட்டோமேட்டிக் வகை பார்த்து வாங்க வேண்டும். 2014இல் செலேரியோ வழியாகப் பரவலான ஏஎம்டி, அதாவது சாதாரண கியர்பெட்டியின் கிளட்சையும் கியரையும் இயந்திரமே மாற்றும் வகை, மலிவு, மைலேஜும் குறையாது. ஆனால் உள்ளே இருப்பது அதே கிளட்ச் தட்டு, மேம்பாலத்து ஏற்றத்தில் காலுக்குப் பதில் இயந்திரம் தேய்க்கிறது. உலர் வகை இரட்டை கிளட்ச் நெடுஞ்சாலையில் அற்புதம், கத்திரி வெயிலில் ஊர்வதற்கு எனக்குத் துணிவில்லை. என் தேர்வு டார்க் கன்வெர்ட்டர். அங்கே எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது, ஊர்வதற்கென்றே பிறந்தது. மைலேஜ் ஒன்றிரண்டு குறையும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னும் கொஞ்சம் குறையும். எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிடக் குறைவு. இடது முழங்காலுக்கு அந்தச் செலவு பரவாயில்லை.

இந்தப் பழைய மல்டிஜெட்டையே தேடி வாங்க நினைப்பவர்களுக்கு: காலையில், வண்டி ஆறியிருக்கும்போது போங்கள். முதல் திருப்பிலேயே கிளம்ப வேண்டும், சங்கிலிச் சத்தம் கேட்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், புகை குபுகுபுவென்று வந்தால் வேண்டாம். கிளட்ச் பெடல் மேலே வந்த பிறகே பிடித்தால் தட்டு மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நில்லுங்கள்.