இன்ஜினுக்கு மினுமினுப்பு ஸ்ப்ரே: இரண்டரை வருடம் அடித்துப் பார்த்தவன் சொல்வது

மச்சான் நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் அனுப்பியிருந்தான். நான் 649 ரூபாய் கொடுத்து வாங்கிய அதே இன்ஜின் ஸ்ப்ரே இப்போது 399. "வாங்கவா மச்சான்? உன் வண்டி பானெட்டைத் திறந்தா கண்ணாடி மாதிரில்லா இருக்கு" என்று கேள்வி வேறு. ஒரு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். கை நிற்கவில்லை.

வண்டி 2014 ஸ்விஃப்ட் பெட்ரோல். 2021இல் செகண்ட்ஹேண்டாக வாங்கியது. வண்டியைப் பற்றி ஒரு குறையும் இல்லை, அதனால் அந்தப் பேச்சு வேண்டாம். ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடி, முத்தையாபுரம் பக்கம் வீடு. ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிப் போகும் லாரி. ஆனி, ஆடிக் காற்று கிளம்பிவிட்டால் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியே நிறம் மாறும். பானெட்டுக்கு அடியில் கேட்கவே வேண்டாம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் அலுமினிய உடம்பில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், கறுப்பு பிளாஸ்டிக் வெளுத்துச் சாம்பலாகியிருக்கும், பேட்டரி டெர்மினலில் பச்சையாக ஒரு பூஞ்சை மாதிரி.

முதலில் எல்லாரையும் போல வாட்டர் சர்வீஸுக்குத்தான் கொண்டுபோனேன். அங்கே பையன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, இன்ஜினுக்கு டீசல் அடிக்கவா?" டீசல் அடித்தால் அன்றைக்கு ஒரு நாள் புது இன்ஜின் மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் தூசி முழுக்க அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும். அதைவிட மோசம், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் ஹோஸ்கள் பெரும்பாலும் இபிடிஎம் என்ற வகை ரப்பர். அதற்குத் தண்ணீரும் சூடும் பழக்கம், டீசலும் ஆயிலும் ஆகாது. ஊறி உப்பி இளகிவிடும். சூடான சைலன்ஸர் பைப் பக்கத்தில் டீசலைப் பீய்ச்சுவதில் உள்ள ஆபத்தை நான் சொல்லவா வேண்டும்? டீசல் வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் பிரஷர் கன்னை இன்ஜின் தலையிலேயே பிடித்துவிட்டான். மறுநாள் காலை திருச்செந்தூர் ரோட்டில் வண்டி குலுங்கியது, செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்பார்க் பிளக் குழிக்குள் தண்ணீர். மெக்கானிக் பிளக் மேலே இருக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றி, காற்றடித்துக் காயவைத்துக் கொடுத்தார். சரி, இனி நாமே பார்த்துக்கொள்வோம் என்று அன்றைக்கு முடிவு செய்ததுதான்.

என் முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வண்டி ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவேன். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் வாய் மூன்றுக்கும் பாலிதீன் பை. பத்துப் பங்கு தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் டீகிரீசர் ஒரு பங்கு, இரண்டு இஞ்ச் பெயிண்ட் பிரஷ், ஈரத்துணி. ஹோஸ் பைப்பே கிடையாது. டெர்மினல் பச்சைக்கு ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். பேட்டரி மூடிக்குள் மட்டும் அது இறங்கக் கூடாது. துடைத்துக் காய்ந்ததும் டெர்மினலை மாட்டி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி கொஞ்சம். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போகும். வீட்டில் திட்டு விழும், அது தனிக் கணக்கு.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கழுவிக் காய்ந்த பிளாஸ்டிக் வெளுத்துத்தான் கிடந்தது. அங்கேதான் இந்த ஸ்ப்ரே வந்தது.

முதல் தடவை அடித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. பத்து வருடப் பிளாஸ்டிக் கன்னங்கரேல் என்று ஆனது. ஹோஸெல்லாம் இன்று காலை கடையிலிருந்து வந்த மாதிரி. ஃபோட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். அவன் இன்றைக்கும் அந்த ஃபோட்டோவைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். பத்தாவது நாள் எடுத்த ஃபோட்டோவை நான் அனுப்பவில்லை.

பாட்டிலில் 'ஒட்டாத உலர்ந்த பினிஷ்' என்று எழுதியிருக்கிறது. சுத்தப் பொய். கரைப்பானில் கரைத்த சிலிக்கோன் எண்ணெய் அது. கரைப்பான் பறந்துவிடும், எண்ணெய் அங்கேயே உட்கார்ந்திருக்கும். எங்கள் ஊர்க் கரித்தூளுக்கு அதைவிட நல்ல பாய் கிடைக்காது. சந்தேகம் தீர, ஏர் ஃபில்டர் பெட்டியின் ஒரு பாதிக்கு அடித்து மறு பாதியை அப்படியே விட்டுப் பார்த்தேன். அடிக்காத பாதியில் இருந்த தூசி பிரஷால் தட்டினால் போனது. அடித்த பாதியில் என் மகள் விரலால் தன் பெயரை எழுதிக் கீழே ஒரு பூவும் போட்டிருந்தாள். அதைத் துடைக்கச் சோப்புத் தண்ணீர் வேண்டியிருந்தது. துடைத்தால் மினுமினுப்பும் போய்விடும், மறுபடி அடி. இரண்டரை வருடம் இதுதான் நடந்தது.

இன்ஜின் பெல்ட் கத்தியதை ஸ்ப்ரே கம்பெனிக்காரன் தலையில் கட்ட மாட்டேன். மொத்தமாகப் பீய்ச்சினேன், பெல்ட்டிலும் பட்டது, ஒரு வாரம் காலையில் வண்டி எடுத்தாலே தெருவுக்கே கேட்கும். துணியில் அடித்து, துணியால் தேய்க்க வேண்டும் என்று பாட்டிலின் பின்னால் எறும்பு எழுத்தில் இருந்தது. படிக்காதது என் தப்பு.

ஆனால் அந்த ஸ்டிக்கர்! பானெட்டுக்கு அடியில் ஏசி கேஸ் வகை என்ன, எத்தனை கிராம் என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதன் மேலும் ஸ்ப்ரே பட்டிருக்கிறது போல. ஓரம் ஊறி, எழுத்து மங்கி, ஒரு நாள் துணியோடு வந்துவிட்டது. போன சித்திரையில் ஏசி குளிரவில்லை. மெக்கானிக் பானெட்டைத் திறந்து தேடினார். "எத்தன கிராம்னு ஸ்டிக்கர் இருக்கணுமே, எங்க அண்ணாச்சி?" சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு, "அழுக்கோட சேத்து அதையுமுல்லா தொடச்சிருக்கீங்க" என்றார். 134ஏ கேஸ் என்பது அவருக்கே தெரியும், அளவுதான் தெரிய வேண்டும். கூடினாலும் குளிராது, குறைந்தாலும் குளிராது. கடைசியில் அதே மாடல் வண்டி ஒன்று வரும்வரை காத்திருந்து, அதன் பானெட்டைத் திறந்து அளவைப் பார்த்தோம். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பைத்தியத்தால்தான் ஒரு பெரிய செலவு தப்பியது. போன வருடம் துடைக்கும்போது தெர்மோஸ்டாட் பக்கத்து ஹோஸ் கிளாம்ப்புக்கு அடியில் பச்சையாக ஒரு கறை காய்ந்து கிடந்தது. கூலன்ட். பழைய அழுக்கு அங்கே இருந்திருந்தால் டெம்பரேச்சர் விளக்கு எரிந்த பிறகுதான் தெரிந்திருக்கும். ஹோஸும் கிளாம்பும் சில நூறு ரூபாயில் முடிந்தது. சந்தோஷத்தில் அன்றைக்கு எல்லாரிடமும் இந்த ஸ்ப்ரேயைப் புகழ்ந்தேன். பிறகு யோசித்தால், அது பெயிண்ட் பிரஷுக்கும் ஈரத்துணிக்கும் போக வேண்டிய பெருமை.

மூன்று மாதமாகத் தண்ணீர் கலவையில் வரும் வேறொரு டிரெஸ்ஸிங், அதாவது பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் தடவும் பூச்சு, பயன்படுத்துகிறேன். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், தடவிக் கால் மணி நேரம் விட்டுத் துடைத்தால் உண்மையாகவே காய்ந்துவிடும். தூசி ஒட்டுவது பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. கறுப்பும் நன்றாக நிற்கிறது. எல்லாவற்றிலும் இதுதான் மேல். என்ன, அந்தக் கண்ணாடி மினுமினுப்பு மட்டும் வராது. திறந்தவுடன் ஒருத்தனும் "அடேயப்பா" என்று சொல்வதில்லை.

அதனால் மச்சான், 399க்கு வேண்டாம், 99க்குக் கொடுத்தாலும் வேண்டாம். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் முதல் நாள் ஃபோட்டோவுக்காக. என்னிடம் கால் பாட்டில் மிச்சம் இருக்கிறதே என்று அதையும் கேட்காதே. அடுத்த வாரம் கல்யாண வீட்டில் உன் வண்டியும் என் வண்டியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், நீ எப்படியும் பானெட்டைத் திறக்கச் சொல்வாய்.