கான்வாவா, வேர்டா, வெறும் மெசேஜா? கைப்பேசியில் திறக்கப்படும் ரெஸ்யூம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் கூலிம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்டுகள் பெரும்பாலும் கணினி முன்னால் உட்கார்ந்து ரெஸ்யூம் படிப்பதில்லை. கார் பார்க்கிங்கிலோ, கேன்டீன் வரிசையிலோ, வாட்ஸ்அப்பைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். நான் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன், நானும் அப்படித்தான் பார்க்கிறேன். பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளின் ரெஸ்யூம்கள் பல வடிவத்தில் வருகின்றன. அவற்றில் எது கைப்பேசியில் நிற்கிறது, எது விழுகிறது என்பதுதான் இங்கே பேச்சு. ஆபரேட்டர், டெக்னீஷியன், ஸ்டோர் வேலைகளை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். இன்ஜினியர் வேலைக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். ஆறரை அங்குலக் கைப்பேசியின் திரை அகலம் ஏறக்குறைய 68 மில்லிமீட்டர். பக்கம் முழுவதும் திரையில் அடங்கினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். நீங்கள் 11 புள்ளி (பாயின்ட்) அளவில் அடித்த எழுத்து, பார்ப்பவர் கண்ணுக்கு மூன்றரைப் புள்ளி. மருந்து டப்பாவில் இருக்கும் பொடி எழுத்துகூட இதைவிடப் பெரிதாக இருக்கும்.

இந்தச் சுருக்கத்தில் அதிகம் அடிபடுவது, கான்வா என்ற வடிவமைப்புச் செயலியின் டெம்பிளேட். இடது பக்கம் கருநீலப் பட்டை, அதில் வட்டமாக முகப்படம், கீழே மொழித்திறனுக்குப் புள்ளிகள். வலது பக்கம் படிப்பும் அனுபவமும். அதில் செய்து கொடுத்த ஒரு பையன் என்னிடம் நேரடியாகவே கேட்டான்: "அண்ணே, இவ்வளவு அழகா இருக்கு, ஏன் வேணாங்கிறீங்க?" அழகாகத்தான் இருக்கிறது. லேப்டாப்பில்.

கான்வாவுக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரண்டு பத்தியாக, அதாவது இடமும் வலமும் இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த பக்கத்தை விரலால் பெரிதாக்கினால், ஒரு பத்தி திரை அகலத்துக்குச் சரியாக நிறையும். எழுத்து நன்றாகத் தெரியும். வம்பு அடுத்துதான் வருகிறது. இடது பத்தியைப் படித்துக்கொண்டே கீழே போனால் பொழுதுபோக்கு, பூப்பந்து, பாட்டுக் கேட்பது என்று முடியும். வேலை அனுபவத்தைப் பார்க்கப் பக்கத்தின் உச்சிக்கு ஏறி, வலது பக்கம் இழுத்து, மறுபடி இறங்க வேண்டும். அவசரத்தில் இருப்பவர் அந்த ஏற்ற இறக்கத்தைச் செய்யமாட்டார். பூப்பந்து வரை படித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். உங்கள் எஸ்கேஎம் (மலேசியத் தொழில்திறன் சான்றிதழ்) லெவல் 3 திரைக்கு வெளியே தூங்கிக்கொண்டிருக்கும்.

அந்தப் புள்ளிகளையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் ஐந்துக்கு ஐந்து, மலாய் ஐந்துக்கு நான்கு, ஆங்கிலம் ஐந்துக்கு மூன்று. யார் போட்ட மார்க் அது? "மலாய், ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவேன், எழுதுவேன்" என்று ஒரு வரி போதும்.

இதற்கு எதிரில் நிற்பது ஒற்றைப் பத்தி பிடிஎப். பார்வைக்கு மொட்டையாக இருக்கும். மேலிருந்து கீழே ஒரே ஓட்டம். ஏ4-இல் செய்தால் இதுவும் சுருங்கத்தான் செய்யும், பெரிதாக்கினாலும் வரி நீளமாக இருப்பதால் இடமும் வலமும் ஆட்ட வேண்டியிருக்கும். அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிரதிக்கு நான் சொல்வது ஏ5. வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ பக்க அளவை ஏ5 ஆக மாற்றுங்கள். அகலம் 148 மில்லிமீட்டர்தான். 12 புள்ளி எழுத்து திரையில் ஐந்தரைப் புள்ளிக்கு வரும். ஓரத்தில் விடும் இடத்தையும் 10 மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டால், பெரும்பாலோர் விரல் வைக்காமலே படித்துவிடலாம். இரண்டு பக்கம் வந்தாலும் பரவாயில்லை. கைப்பேசியில் பக்கக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை, கீழே தள்ளுவது எல்லாருக்கும் பழக்கம். அடோபி ரீடரில் 2020-இல் வந்த லிக்விட் மோட் பல கோப்புகளைத் திரைக்கு ஏற்ப மடித்துக் காட்டும் என்பது உண்மைதான். ஆனால் பார்ப்பவர் அந்தச் செயலியில்தான் திறப்பார் என்று நம்பி இருக்க முடியாது.

இன்னொரு நுணுக்கம். பிடிஎப் அனுப்பினால் வாட்ஸ்அப் முதல் பக்கத்தின் மேல்பகுதியைச் சின்னப் படமாகக் காட்டும், கீழே கோப்பின் பெயர் இருக்கும். திறக்கலாமா வேண்டாமா என்பது பாதி அங்கேயே முடிவாகிறது. கான்வா கோப்பில் அந்த இடத்தில் தெரிவது கருநீலப் பட்டையும் பாதி முகமும். ஒற்றைப் பத்தியில் பெயரும், "டெக்னீஷியன், எஸ்கேஎம் லெவல் 3" என்ற வரியும் பெரிய எழுத்தில் தெரியும். கோப்பின் பெயரும் அப்படித்தான் இருக்க வேண்டும்: உங்கள் பெயர், வேலை, ஊர். "ரெஸ்யூம் லேட்டஸ்ட் ஃபைனல் 2" என்று வந்தால், மறுநாள் அதை நான் எங்கே போய்த் தேடுவது?

வேர்டு கோப்பைப் பலர் அடியோடு ஒதுக்கச் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். வேர்டு செயலியில் மொபைல் வியூ இருக்கிறது, எழுத்தைத் திரைக்கு ஏற்ப மடித்துக் கொடுக்கும். அட்டவணை போடாமல் நேராக அடித்த கோப்பு அதில் பிடிஎப்பைவிட வசதியாகவே தெரியும். ஆனால் எதிராளியின் கைப்பேசியில் வேர்டு இருக்குமா, டபிள்யூபிஎஸ் என்ற வேறு செயலி இருக்குமா, வெறும் முன்னோட்டம் மட்டும்தான் தெரியுமா என்பது உங்கள் கையில் இல்லை. எழுத்துரு மாறினால் வரிகள் இறங்கும், அட்டவணை உடையும். ஏஜென்ட் கேட்டால் மட்டும் வேர்டில் கொடுங்கள். கேட்பார்கள், காரணமும் உண்டு: உங்கள் தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டுத் தங்கள் லோகோவைப் போட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். அதற்கு வேர்டுதான் தோது.

படமாக அனுப்புவதற்கு ஆதரவாகச் சொல்ல எதுவுமில்லை. வாட்ஸ்அப் படத்தை அமுக்கிவிடும், பெரிதாக்கினால் எழுத்து மங்கும், எண்ணைத் தொட்டு நேராக அழைப்பதும் எளிதில்லை. ஆட்சேர்ப்புத் தளத்தில் ஏற்றினாலும் மென்பொருளால் சரியாகப் படிக்க முடியாமல் போகலாம்.

கூகுள் டிரைவ் இணைப்பு நன்றாக வேலை செய்யும், அனுமதியைச் சரியாகத் திறந்துவிட்டிருந்தால். பாதிப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள். நான் தொட்டால் "அனுமதி கேளுங்கள்" என்று வருகிறது. வேலை கேட்டு வந்தவரிடம் நான் அனுமதி கேட்டு நிற்பதா!

இவை எல்லாவற்றையும் ஒரு விஷயத்தில் முந்துவது, கோப்பே இல்லாத வெறும் மெசேஜ். ஆபரேட்டர் வேலைக்கு முதல் சுற்றில் நாங்கள் தேடுவது நாலைந்து தகவல்தான். இப்படி வந்தால் போதும் (எஸ்பிஎம் என்பது ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு):

பெயர், வயது 21
பாடாங் செராயில் வீடு, சொந்த மோட்டார்
எஸ்பிஎம் 2022, எஸ்கேஎம் லெவல் 3 மின்னியல்
12 மணி நேர ஷிஃப்ட், இரவு வேலை சரி
அடுத்த திங்களே வரலாம்

இதைத் திறக்க வேண்டியதில்லை, பெரிதாக்க வேண்டியதில்லை. அறிவிப்பிலேயே பாதி தெரிந்துவிடும். சொந்த வாகனம், ஷிஃப்ட் இரண்டையும் கான்வா ரெஸ்யூம்களில் நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். தோட்டத்துக்குள் கம்பெனி பஸ் எப்போதும் வரும் என்று சொல்ல முடியாது. ஆறரை மணிக்கு கேட்டில் நிற்க முடியுமா என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. ஆனால் மெசேஜ் நிலைக்காது. நாலு நாள் கழித்து சூப்பர்வைசர் "அந்தப் பையன் விவரம் எங்கே?" என்றால் காட்ட ஒரு கோப்பு வேண்டும். ஆகவே மெசேஜ் முன்னால், ஏ5 பிடிஎப் அதன் பின்னால். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விட்டால் பாதி வேலைதான் ஆகும்.

பிடிஎப்பில் உங்கள் எண்ணைத் தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும்படி இணைப்பு போட்டுவிடலாம். டபிள்யூஏ டாட் எம்இ, சாய்கோடு, மலேசியாவின் நாட்டு எண் 60, பிறகு முதல் பூஜ்ஜியம் இல்லாமல் உங்கள் எண்.

ஐசி (அடையாள அட்டை) எண்ணை எதிலும் போடாதீர்கள், இது என் தனிப் பிடிவாதம். அந்தப் பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். முன்பின் தெரியாத ஏஜென்டின் கைப்பேசியில் இது எதற்கு? வேலை உறுதியாகும்போது கொடுத்தால் போதும். வீட்டு விலாசமும் அப்படித்தான். லயத்து எண் வரை எழுதினால் மூன்று வரி வீணாகும், ஊர்ப் பெயர் போதும்.

சான்றிதழ் நகல்களை ரெஸ்யூமோடு ஒட்டித் தைக்காமல் தனிக் கோப்பாக வையுங்கள். எஸ்பிஎம், எஸ்கேஎம், பள்ளி நற்சான்று எல்லாம் சேர்ந்து பதினைந்து பக்கமாக வரும் கோப்பில் ரெஸ்யூம் எங்கே முடிகிறது என்றே தெரிவதில்லை.

ஜாப்ஸ்ட்ரீட் போன்ற தளங்களிலோ பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் மைஃபியூச்சர்ஜாப்ஸிலோ விண்ணப்பிக்க ஏ5 தேவையில்லை. அங்கே ஏற்றும் கோப்பு அதே ஒற்றைப் பத்தி வடிவத்தில் ஏ4-இல் இருக்கட்டும். இரண்டு பத்திக் கோப்பை மென்பொருள் சில நேரம் குறுக்காகப் படித்து, பூப்பந்தையும் வெல்டிங்கையும் ஒரே வரியில் போட்டுவிடும்.

வாக்-இன் இண்டர்வியூவுக்கு மட்டும் இந்தப் பேச்சே வேறு, அங்கே தாள்தான். ஏ5 கோப்பையே ஃபோட்டோஸ்டாட் கடையில் கொடுத்தால் "ஏ4-க்கு ஃபிட் பண்ணுங்க" என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தாளில் பாதி இடத்தில் சின்னதாக விழும். ஃபிட் செய்தால் எழுத்து 17 புள்ளிக்குப் பெரிதாகிவிடும், சுவரொட்டி மாதிரி இருக்கும். ஏ4 பிரதியையே அச்சடிப்பது மேல். இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழைக் கேட்டால் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.