டர்போவிலா, கேபினுக்கு அடியிலா? பழைய டீசல் ராமுக்கு ஒரு எக்ஸாஸ்ட் பிரேக்

எங்களுடையது 2001 மாடல் டாட்ஜ் ராம் 2500. 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல், 24 வால்வு, 245 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். பின்னால் ஒரு கேம்பர் டிரெய்லர். கொலராடோவில் டென்வர் பக்கம் குடியிருப்பவர்கள் மேற்கே மலைக்குப் போனால் பெரும்பாலும் ஐ-70 நெடுஞ்சாலைதான். அதில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. சுரங்கத்தை விட்டு மேற்கே வெளியே வந்தால் சில்வர்தோர்ன் வரை ஒரே இறக்கம், சில இடங்களில் 7 சதவீதச் சரிவு. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே அந்த இறக்கத்தில் சரளை கொட்டிய ஒதுக்குப்பாதைகள் போட்டு வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக் கிடையாது. வெளியே வாங்கி மாட்டத்தான் வேண்டியிருந்தது. கடைசியில் இரண்டு வழிகள் எஞ்சின: டர்போவின் (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அடைக்கும் சாதனம்) வெளிவாயில் நேரடியாக உட்காரும் பழைய பாணி பிரேக், அல்லது கேபினுக்கு அடியில் எக்ஸாஸ்ட் குழாயின் நடுவில் உட்காரும், அழுத்தத்தை நிலையாக வைத்திருக்கும் பிரேக். நான் இரண்டாவதை எடுத்தேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எதற்கு இது என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பெட்ரோல் என்ஜினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று உள்ளே போகும் வழியிலுள்ள த்ராட்டில் மூடிக்கொள்ளும், என்ஜினே வண்டியைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். டீசலில் அப்படி மூடுவதற்கு ஒன்றும் இல்லை. காற்று தாராளமாகப் போய்வரும், வண்டி பாட்டுக்கு உருண்டுகொண்டே இருக்கும். எக்ஸாஸ்ட் பிரேக் என்பது குழாய்க்குள் இருக்கும் ஒரு பட்டர்ஃபிளை வால்வு, அதாவது நடுவில் ஒரு ஷாஃப்டில் திரும்பும் வட்டத் தட்டு. காலை எடுத்ததும் அது மூடிக்கொள்ளும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அடிப்பது போல, பிஸ்டன்கள் அந்த அழுத்தத்தை எதிர்த்து வேலை செய்ய வேண்டியிருக்கும். அதில்தான் வேகம் குறைகிறது. சக்கரத்து டிஸ்க்குகள் சூடேறாமல், கடைசி வளைவுக்கும் மிச்சம் இருக்கும்.

பெரிய லாரிகளில் தடதடவென்று சத்தம் போடும் ஜேக் பிரேக் இதுவல்ல. அது வால்வைத் திறந்து அமுக்கிய காற்றை வெளியே விடும் வேறு ஏற்பாடு. கம்மின்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்த கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1931இல் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் டீசல் லாரியோடு இறங்கியபோது பிரேக் தளர்ந்து உயிர் தப்பினார். அந்த அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கியதை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் தயாரிக்கத் தொடங்கியது. ஊருக்குள் நுழையும் இடங்களில் என்ஜின் பிரேக் போடாதே என்று எழுதியிருக்கும் பலகைகள் அந்தச் சத்தத்துக்காக வைத்தவை. எக்ஸாஸ்ட் பிரேக் போட்டால் உள்ளே இருப்பவர்களுக்கே ஒரு சீறல்தான் கேட்கும்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். முதலில் அழுத்தம். பின்னழுத்தம் அளவுக்கு மீறினால் எக்ஸாஸ்ட் வால்வுகளையே ஸ்பிரிங்கை மீறித் தூக்கிவிடும். அதனால் எந்த பிரேக்குக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பழைய பாணியில் பட்டர்ஃபிளையின் நடுவில் ஒரு துளை போட்டிருப்பார்கள். என்ஜின் உச்ச வேகத்தில் சுற்றும்போதும் வரம்பு தாண்டாத அளவில் அந்தத் துளை இருக்கும். விளைவு என்ன? 1,800 ஆர்பிஎம்மில் ஓடும்போது பாதிக் காற்று அந்தத் துளை வழியாகச் சாவகாசமாகப் போய்விடும், பிடிப்பு இருக்காது. அழுத்தத்தை நிலையாக வைக்கும் வகையில் துளைக்குப் பதில் ஸ்பிரிங் வைத்து மூடிய ஒரு பக்கவழி இருக்கிறது. குறித்த அழுத்தம் வரும்வரை அது திறக்காது. ஆகவே குறைந்த ஆர்பிஎம்மிலும் நல்ல பிடிப்பு கிடைக்கும். பேக்பிரேக் நிறுவனத்தின் பிஆர்எக்ஸ்பி இந்த வகை.

எங்கள் வண்டியில் இதன் அர்த்தம் இதுதான்: பின் அச்சு விகிதம் 3.54, டயர் ஏறக்குறைய 31.6 அங்குலம். மணிக்கு 48 மைலில் இறங்கும்போது ஐந்தாம் கியரில் 1,800 ஆர்பிஎம் ஓடும், நான்காம் கியரில் 2,500. துளை வகை என்றால் நான்காம் கியர் போட்டே ஆகவேண்டும், என்ஜின் கத்திக்கொண்டே வரும். நிலையான அழுத்த வகையில் சாதாரணச் சரிவுகளை ஐந்தாம் கியரிலேயே முடித்துவிடலாம். செங்குத்தான இடத்தில் நான்காம் கியர் கையிருப்பாக இருக்கும்.

இது பெரிய வித்தியாசம்தான். ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது இது இல்லை, பராமரிப்பு. துளை வகையையும் நிலையான அழுத்த வகையையும் இரண்டு இடங்களிலும் மாட்டும் கிட்கள் சந்தையில் கலந்தே கிடைக்கின்றன. எங்கே மாட்டுவது என்பதைத்தான் நான் அதிகம் யோசித்தேன்.

எக்ஸாஸ்ட் பிரேக் கெட்டுப்போகும் விதம் பெரும்பாலும் ஒன்றே: பட்டர்ஃபிளையைத் தாங்கும் ஷாஃப்ட் இறுகிப்போகும். கரியும் சூடும் சேர்ந்து ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் பசை மாதிரிப் படியும். வண்டியைச் சில வாரம் நிறுத்தி வைத்தால் துருவும் சேரும். திறந்த நிலையில் இறுகினால் மலை உச்சியில் சுவிட்சைப் போடும்போதுதான் பிரேக் இல்லை என்று தெரியும். பாதி மூடிய நிலையில் இறுகினால் ஏற்றத்தில் மூச்சு முட்டும், புகை தள்ளும். இரண்டுமே தெரியக் கூடாத இடத்தில்தான் தெரிய வரும்.

இதற்கு வைத்தியம் எளிது. சூடு தாங்கும் ஊடுருவும் ஸ்பிரேயை ஷாஃப்டின் இரண்டு முனைகளிலும் அடிக்கவேண்டும். சாதாரண எண்ணெய் அடித்தால் அது வெந்து கரியாகி நிலைமையை இன்னும் மோசமாக்கும். லீவர் முழு தூரமும் போய்வருகிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிட வேலையைச் செய்வோமா மாட்டோமா என்பதை, பிரேக் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

இந்த என்ஜினில் டர்போ வலது பக்கம், என்ஜினையும் கேபினையும் பிரிக்கும் ஃபயர்வாலை ஒட்டி. டர்போவில் நேராக மாட்டிய பிரேக் அந்த இடுக்கில் இருக்கும். மேலிருந்து கை போகாது, கீழிருந்து போனால் டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாயான டவுன்பைப் மறைக்கும். என்ஜின் ஆறும்வரை காத்திருந்து, கையை வளைத்து, ஸ்பிரேயின் நீளக் குழலை குத்துமதிப்பாக நீட்டவேண்டும். லீவர் அசைவதைப் பார்க்க கண்ணாடி வேண்டும். நண்பர் ஒருவரின் வண்டியில் இதைச் செய்துபார்த்தபோதுதான் எனக்குத் தெளிவானது: இந்த வேலையை யாரும் தவறாமல் செய்துகொண்டிருக்கப் போவதில்லை. கேபினுக்கு அடியில் இருந்தால் வண்டிக்கு அடியில் பாதி உடம்பு போனால் போதும். இரண்டு முனையும் கண்ணுக்கு எதிரே இருக்கும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அதையும் சேர்த்தே முடித்துவிடுகிறேன். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து, என்ஜினை ஐடிலில் விட்டு, சுவிட்சைப் போட்டு எடுக்கச் சொன்னால் லீவர் அசைவது பளிச்சென்று தெரியும். அப்படிப் பார்க்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டே அடியில் போகவேண்டும்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். டர்போவை ஒட்டிய இடம் சூடான, உலர்ந்த இடம். கேபினுக்கு அடியிலோ சாலையில் இருப்பதெல்லாம் வந்து அடிக்கும். கொலராடோவில் குளிர்காலத்தில் நெடுஞ்சாலைகளில் மெக்னீசியம் குளோரைடு கரைசல் தெளிக்கிறார்கள். அது இரும்பையும் மின் இணைப்புகளையும் ஒன்றுபோலத் தின்னும். அதனால் பனிக்காலம் முழுக்க வண்டியின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீச்சிக் கழுவ வேண்டியிருக்கிறது, கனெக்டர்களில் கிரீஸ் வைக்கவேண்டியிருக்கிறது. நேரடியாக மாட்டியதில் இன்னொரு நன்மை, டர்போவுக்கும் வால்வுக்கும் நடுவில் நிரப்ப வேண்டிய இடம் குறைவு, அதனால் அழுத்தம் சட்டென்று ஏறும். குழாயில் மாட்டியது ஒரு கணம் தாமதித்துப் பிடிக்கும். ஆனால் அது பழகிவிடுகிறது, இறுகிப்போன ஷாஃப்ட் பழகாது.

குழாயில் மாட்டியது டர்போவைச் சார்ந்ததும் இல்லை. நாளைக்கு டர்போவை மாற்றினாலும் இது அங்கேயே இருக்கும். நேரடி வகை டர்போவின் வெளிவாய்க்கு ஏற்ப வார்த்தது. பழையது வாங்குபவர்கள் தங்கள் டர்போவின் வாய்க்கு அது உட்காருமா என்று பார்த்துவிட்டே பணம் கொடுக்கவேண்டும்.

பராமரிப்பில் அடுத்தது, வால்வை இழுப்பது எது என்பது. சில பழைய கிட்கள் என்ஜினின் வேக்கூம் பம்பை (காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் பம்பு) வைத்து இழுக்கும். கூடுதல் சாமான் வேண்டாம் என்பது வசதிதான். ஆனால் இந்த ராம்களில் ஏசி காற்று எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதும், நான்கு சக்கர ஓட்டத்துக்கு முன் அச்சை இணைப்பதும் அதே வேக்கூமில்தான் நடக்கின்றன. இருபது வயது தாண்டிய ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு வந்தால் மூன்றுமே சேர்ந்து மந்தமாகும். அந்தப் பம்பு சீலில் எண்ணெய் கசிவதும் இந்த வண்டிகளில் சகஜம். நான் எடுத்ததில் சின்ன மின் கம்ப்ரசரும் காற்று டேங்கும் தனியாக வருகின்றன. கூடுதலாக ஒரு மோட்டார், ஒரு ரிலே, ஒரு பிரஷர் சுவிட்ச், அதாவது கெடுவதற்குக் கூடுதலாக மூன்று சாமான்கள் என்பது உண்மை. ஆனால் கெட்டால் எது கெட்டது என்று உடனே தெரியும், மற்ற எதையும் இழுத்துக்கொண்டு போகாது. குளிர் வருவதற்கு முன் டேங்கில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட மறக்கக்கூடாது, உறைந்தால் வால்வு அசையாது. பின்பக்கச் சஸ்பென்ஷனின் ஏர்பேக்குக்கும் டயருக்கும் அதே காற்றை எடுத்துக்கொள்ள முடிவது இன்னொரு லாபம்.

எந்த வகையை வாங்கினாலும் அதைப் பயன்படுத்திக்கொண்டே இருப்பதுதான் ஆகப்பெரிய பராமரிப்பு. மலைக்குப் போகும்போது மட்டும் போடுவேன் என்று வைத்திருந்தால் நிச்சயம் இறுகும். நான் ஊருக்குள் சிக்னலுக்கு வரும்போதும் போட்டுவிடுகிறேன்.

ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் கணக்கு வேறு. அந்தக் காலத்து 47ஆர்இ கியர்பாக்ஸில் காலை எடுத்தால் டார்க் கன்வர்ட்டர் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைப்பது) பூட்டு விலகும், உள் அழுத்தமும் இறங்கும். அப்படி இருக்கையில் என்ஜினை இறுக்கினால் பிடிப்பு சக்கரத்துக்குப் போய்ச் சேராது, கிளட்ச் தட்டுகள்தான் வழுக்கித் தேயும். பூட்டைப் பிடித்துவைக்கும் கண்ட்ரோலரும், உள் அழுத்தத்தைக் காக்கும் ஏற்பாடும் முதலில் தேவை. இதை நான் சொந்தமாகச் செய்து பார்த்ததில்லை. டீசல் கியர்பாக்ஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டிய பிறகே பிரேக் விலையைப் பற்றியே யோசிக்கவேண்டும் என்பேன். 1998 நடுப்பகுதிக்கு முந்தைய 12 வால்வு என்ஜின் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங்குகளை 60 பவுண்டு வகைக்கு மாற்றிவிட்டுத்தான் முழு அழுத்தம் வைக்கவேண்டும். 24 வால்வில் அந்தச் செலவு இல்லை.

பேசாமல் புது வண்டிக்கே போய்விட்டால் என்ன என்றும் கேட்கலாம். 2007 நடுவில் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸில் டர்போவே எக்ஸாஸ்ட் பிரேக்காகவும் வேலை செய்கிறது. உள்ளிருக்கும் வழியைக் குறுக்கிக்கொண்டு பின்னழுத்தம் உண்டாக்குகிறது. அப்படி ஒரு வண்டியை ஓரிரு முறை ஓட்டியதுதான் என் அனுபவம். பிடிப்பு அருமை, எதையும் வெளியே மாட்டத் தேவையில்லை. ஆனால் அங்கேயும் கரி படிந்து நகரும் வளையம் இறுகுவதும், மின் ஆக்சுவேட்டர் போவதும் தெரிந்த குறைகள்தான். அப்போது மாற்றவேண்டியது டர்போவின் பாகம், பில் வேறு தரத்தில் வரும். அங்கேயும் பழகிய மெக்கானிக்குகள் சொல்லும் அறிவுரை, பிரேக்கைத் தினமும் போட்டு ஓட்டு என்பதே.

வண்டியை விற்கும்போது போட்ட பணம் முழுதாகத் திரும்பி வராது. ஆனால் மலைப்பக்கம் டிரெய்லர் இழுப்பவர் வாங்க வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்.

பனி உறைந்த சாலையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. எக்ஸாஸ்ட் பிரேக் பிடிப்பது இயங்கும் சக்கரங்களை மட்டும். இரண்டு சக்கர ஓட்டத்தில் அது பின்சக்கரங்கள்தான். காலி பிக்கப்பில் பின்பக்க எடை குறைவு. வழுக்கும் இடத்தில் திடீரென்று பிடித்தால் பின்பக்கம் ஓரமாக நழுவும், டிரெய்லர் இருந்தால் அதுவே முட்டித் திருப்பிவிடும். பனி என்றால் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அதோடு, வெளியே வாங்கி மாட்டிய எக்ஸாஸ்ட் பிரேக் சாதாரணமாக பிரேக் விளக்கை எரியவிடாது. பின்னால் நெருங்கி வருபவருக்கு நீங்கள் வேகம் குறைப்பது தெரியாது. பெடலை லேசாகத் தொட்டு விளக்கை மட்டும் காட்டும் பழக்கம் நல்லது.

வாங்குவதற்கு முன் கடைசியாக ஒன்று பாருங்கள். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டிலும் டர்போ இணைப்பிலும் கறுப்பாகக் கரிக் கோடு தெரிகிறதா? தெரிந்தால் அங்கே கசிகிறது. கசிவு இருக்கும்வரை எந்த பிரேக்கும் முழு அழுத்தம் பிடிக்காது. கேஸ்கெட்டை மாற்றிவிட்டு, வெடித்த மெனிஃபோல்ட் என்றால் அதையும் மாற்றிவிட்டு, அப்புறம் ஆர்டர் கொடுங்கள்.